கோப்பை வாங்கிய படம் போதாது, பந்தயத்தை எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் கோவைப் பதிப்பில் செட்டிபாளையம் கார் பந்தயத்தைப் பற்றி ஒரு படமும் நான்கு வரியும் வந்திருந்தன. படத்தில் சிறப்பு விருந்தினர் கோப்பையை நீட்டுகிறார், பக்கத்தில் பொன்னாடை போட்டவர்கள் நிற்கிறார்கள். ஜெயித்த பையன் ஓரத்தில் ஒரு தோளும் பாதி முகமுமாகத் தெரிகிறான். கீழே விருந்தினர்கள் அத்தனை பேரின் பெயரும் பதவியும் இருக்கின்றன. பையனின் பெயர் இல்லை. ஓடியது எந்த வகை வண்டி, எத்தனை சுற்று, இரண்டாவது யார், மூன்றாவது யார், ஒன்றும் இல்லை. "பார்வையாளர்கள் ஆரவாரம் செய்தனர்" என்று செய்தி முடிந்துவிட்டது.

ஆரவாரம் செய்தவர்களில் நானும் ஒருத்தி. எதற்காக அப்படிக் கத்தினோம் என்பது உங்கள் பேப்பரில் வரவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கணபதியில் எங்களுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. மிஷின் பக்கம் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். பில், ஜிஎஸ்டி, ஆட்களின் சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. என் அப்பா பீளமேட்டில் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை செய்தவர். சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில், கூட வேலை செய்தவர்களோடு ராத்திரி ரயில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வந்து ஒரு வாரத்துக்கு அதே பேச்சுத்தான். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்புறம் கேபிள் டிவி வந்தது, ஃபார்முலா ஒன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை விட்டதில்லை. ஐரோப்பாவில் பந்தயம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு எங்கள் வீட்டில் அரிசிம்பருப்பு சாதம்தான். குக்கரில் ஒரே வைப்பு, ஆறரை மணிக்கு விளக்கு அணைந்து வண்டிகள் கிளம்புவதற்குள் அடுப்படி வேலை முடிந்துவிடும்.

செட்டிபாளையத்துக்கு நான் போகும்போது கையில் ஒரு லாங் சைஸ் நோட்டு இருக்கும். கோடு தாண்டும் வரிசையில் வண்டி எண்களை மேலிருந்து கீழாக எழுதுவேன், ஒரு சுற்றுக்கு ஒரு பத்தி. அடுத்த சுற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி. பந்தயம் முடிந்தபின் ஒரே எண்ணையெல்லாம் கலர் பென்சிலால் கோடு போட்டு இணைத்தால் யார் ஏறினார், யார் இறங்கினார், எங்கே சண்டை நடந்தது என்பது பளிச்சென்று தெரியும். நீங்கள் நான்கு வரியில் முடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையின் பக்கம் இப்போது என் முன்னால் இருக்கிறது.

அதில் பச்சைப் பென்சிலில் ஒரு கோடு கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே ஏறிக்கொண்டே போகிறது. பல்லடம் பக்கத்துப் பையன் அவன். யார் எங்கே நின்று கிளம்புவது என்று முடிவாகும் தகுதிச் சுற்றில் கிளட்ச் கேபிள் அறுந்துபோனதால் கடைசி வரிசையில் நின்று கிளம்பினான். அவன் ஓட்டிய ஃபார்முலா எல்ஜிபி 4 என்ற ஒற்றை இருக்கை வண்டி வகையில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி, ஒரே இன்ஜின், ஒரே டயர். காசு கூடப் போட்டு வேகத்தை வாங்க முடியாது. ஒருவன் முன்னேறுகிறான் என்றால் அது அவன் கையும் காலும் தலையும் செய்கிற வேலை.

அன்றைக்கு ஆடிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேர்ப்பாதையில் அது வண்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியது. பின்காற்று அடித்தால் வளைவுக்கு வழக்கத்தைவிட வேகமாக வந்து சேர்வார்கள், பிரேக்கைக் கொஞ்சம் முன்னாலேயே மிதிக்க வேண்டும். காற்று விட்டு விட்டு அடித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் மாறும். போதாததற்குப் பக்கத்து நிலங்களிலிருந்து புழுதி வந்து பாதையின் ஓரத்தில் படிந்துவிடும். எல்லா வண்டியும் ஓடி ஓடி ரப்பர் ஏறிய தடத்தில் பிடிப்பு இருக்கும். அதைவிட்டு ஓரடி விலகினாலும் டயர் வழுக்கும்.

பந்தயத்தின் பாதிக்கு மேல் அந்தப் பையன் ஆறாவது இடத்தில் இருந்தான். முன்னால் இரண்டு பேர் நான்காவது இடத்துக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்று வண்டியும் நேர்ப்பாதையில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு வந்தன. முன்வண்டி காற்றைக் கிழிப்பதால் பின்னால் வருகிறவனுக்கு எதிர்ப்புக் குறையும், அதில்தான் கிட்டே வர முடியும். இதற்குத்தான் ஸ்லிப்ஸ்ட்ரீம் என்று பெயர். இவனுக்கு இருவர் கிழித்த காற்று. வேகம் கூடுதலாகவே இருந்தது, நினைத்தால் உடனே வெளியே இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. முதல் வண்டி உள்பக்கத்தை அடைத்தது, இரண்டாவது வெளிப்பக்கமாகப் போய் ஒட்டியது. இரண்டு பேருமே பிரேக்கைத் தாமதமாக மிதித்தார்கள். இவன் மட்டும் தன் வழக்கமான இடத்துக்கும் சற்று முன்பே மிதித்தான். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, விட்டுவிட்டானே என்று இருந்தது. அடுத்த நொடி அந்த இரண்டு வண்டியும் வளைவில் நிற்காமல் அகலப் போய்ப் புழுதியில் ஏறின. இவன் உள்பக்கமாகத் திரும்பி, வண்டியை நேராக்கி, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து இரண்டு பேரையும் வளைவு முடியும் இடத்தில் தாண்டினான். பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் ஒருவன் என் நோட்டை எட்டிப் பார்த்து, "ஏனுங்கக்கா, இவன் எங்கிருந்து கெளம்புனானுங்க?" என்று கேட்டான். கடைசி வரிசை என்றேன். அதற்கப்புறம் அந்த வரிசையில் நின்ற எல்லாரும் அவனைத்தான் பார்த்தோம். முடிவில் நான்காவது. மேடையில் ஏற மூன்று பேருக்குத்தான் இடம், அதனால் அவனுக்குக் கோப்பை இல்லை. உங்கள் படத்தில் வருவதற்கு வழியே இல்லை. பெற்றவர்களைக் கேட்காமல் பிள்ளையின் பெயரை என் கடிதத்தில் எழுதுவது சரியல்ல. உங்கள் நிருபர் போய்க் கேட்டிருந்தால் அவன் அம்மாவே எழுத்து எழுத்தாகச் சொல்லியிருப்பார்.

ஐயா, இதுதான் செய்தி. ஆரவாரம் இதற்குத்தான்.

சக்கரம் வெளியே தெரியும் இந்த வண்டிகளில் ஓட்டுகிறவன் செய்வது முழுவதும் கண்ணுக்குத் தெரியும். மூடிய காரில் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்கத்தான் வேண்டும். இதிலோ முன்சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டியின் பின்பக்கம் வழுக்கும்போது எதிர்ப்பக்கம் எவ்வளவு வெட்டினான் என்பதை வேலிக்கு வெளியே நின்றே பார்த்துவிடலாம். ஹெல்மெட் ஒரு பக்கம் சாய்வது தெரியும். சஸ்பென்ஷன் கம்பி துடிப்பதுகூடத் தெரியும். ஆபத்தும் அதில்தான். முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தில் பின்னால் வருகிறவனின் முன்சக்கரம் உரசினால் வண்டி அப்படியே மேலேறிவிடும். அதனால் இந்தப் பந்தயத்தில் ஒருவரையொருவர் நம்பி, ஒரு வண்டி அகலம் இடம் விட்டு ஓட்டியாக வேண்டும். பட்டறையில் சக்கரம் மாட்டும் ஹப் ஒன்றைக் கடைந்து, ஆட்டம் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கிற வீட்டுக்காரர், கேஜின் முள் கொஞ்சம் ஆடினாலும் இந்த வேகத்தில் என்ன ஆகும் என்று சொல்லுவார். அதைக் கேட்டபின் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் எத்தனை பேரின் வேலை இருக்கிறது என்று நினைத்துப் பார்க்காமல் எனக்குப் பந்தயம் பார்க்க முடிவதில்லை.

இந்த விளையாட்டு நம் ஊருக்கு எங்கிருந்தோ வந்து இறங்கியது என்று நினைக்கும் வாசகர்கள் இருக்கிறார்கள். போன மாதம் உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் "நமக்குச் சம்பந்தமில்லாத பணக்காரப் பொழுதுபோக்கு" என்று எழுதியிருந்தார். அவருக்குக் கரிவர்தனைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. லட்சுமி மில் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800-இன் சின்ன இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கைப் பந்தய வண்டியை இந்தக் கோயம்புத்தூரில் உருவாக்கினார். வெளிநாட்டிலிருந்து வண்டி இறக்குமதி செய்யக் கையில் பணம் இல்லாத பையன்களும் ஃபார்முலா வண்டியில் உட்கார வழி பிறந்தது அதனால்தான். 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் இருக்கும் ஓடுபாதைக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று பெயர் வைத்திருப்பது அவர் நினைவாக. எல்ஜிபி 4 என்று சொல்கிறோமே, அந்த எல்ஜிபியும் நம் ஊர்க் கம்பெனிதான். அவர்களுடைய ரோலான் செயின் போடாத பைக் எந்தத் தெருவில் இருக்கிறது?

நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் பந்தயம் ஓட்டியது அந்த ஃபார்முலா மாருதியில். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிகளில் பேர் வாங்கியவர். மகன் 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார், பிரிட்டனில் ஃபார்முலா 3 ஓட்டினார், 2005-இல் ஜோர்டான் அணியில் சேர்ந்து ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அந்த வருஷம் மெல்போர்னில் நடந்த முதல் பந்தயத்தில் பன்னிரண்டாவது இடத்தில் நின்று கிளம்பினார். அன்று காலையில் எங்கள் தெருவில் டிவி ஓடாத வீடு குறைவு. என் மாமியார் அதுவரை பந்தயத்தின் பக்கமே வராதவர். "அந்தப் பையன் நம்மூரானா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினைந்தாவது இடத்தில் முடிந்தபோது எனக்கு இருந்த ஏமாற்றம் அவருக்கு இல்லை. வண்டி முழுசாக வந்து சேர்ந்ததே, அது போதும் என்றார்.

அந்த ஜூன் மாதம் இண்டியானாபொலிஸில் நடந்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இருபது வருஷமாகியும் அதைப் பற்றி அரைகுறையாகவே எழுதுகிறார்கள். அந்தப் பாதையின் பதின்மூன்றாவது வளைவு சாய்வானது, முழு வேகத்தில் போக வேண்டிய இடம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் அங்கே ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா பின்டயர் போய்ச் சுவரில் மோதியது. மிஷலின் டயர் அந்த வளைவின் பாரத்தைத் தாங்காது என்று கம்பெனியே சொல்லிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இருபது வண்டியும் பந்தயத்துக்கு முந்தின அணிவகுப்புச் சுற்றுக்குக் கிளம்பின. சுற்று முடிகிற இடத்தில் மிஷலின் போட்ட பதினான்கு வண்டியும் டயர் மாற்ற, பழுது பார்க்க நிறுத்தும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு வண்டி மட்டும் களத்தில் நின்றது. இரண்டு ஃபெராரி, இரண்டு ஜோர்டான், இரண்டு மினார்டி. நம்மூரில் நடுச்சாமம். எங்களுக்கு என்ன நடக்கிறது என்றே புரியவில்லை. அங்கே பார்வையாளர்கள் கோபத்தில் கூச்சல் போடுகிறார்கள், பாதையில் பாட்டில் வந்து விழுகிறது. அந்த நிலையில் பந்தயத்தை ஓட்டி முடித்து நரேன் நான்காவது வந்தார். ஜோர்டானின் இன்னொரு வண்டியில் தியாகோ மொண்டெய்ரோ மூன்றாவது. மினார்டி இரண்டும் நரேனுக்குப் பின்னால். நான்காவது இடத்துக்கு ஐந்து புள்ளி. ஃபார்முலா ஒன்னில் ஓர் இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

"அதிர்ஷ்டத்தில் கிடைத்த புள்ளி" என்று அப்போது எழுதினார்கள், இப்போதும் எழுதுகிறார்கள். மற்றவர்கள் விலகியது அவர் செய்த காரியமா? தனக்குக் கொடுத்த வண்டியைச் சுவரில் உரசாமல், இன்ஜினைக் காப்பாற்றி, இரண்டு போட்டியாளர்களைப் பின்னால் வைத்து முடித்தார். அது அவர் செய்த காரியம். ஆறு பேர் ஓடிய பந்தயத்தில் ஆறாவது வந்தவரும் உண்டு. பந்தயத்தை உட்கார்ந்து பார்த்த ஒருவர் எழுதியிருந்தால் இந்தப் பேச்சு வந்தே இருக்காது. முடிவை மட்டும் பார்த்து எழுதினால் அதிர்ஷ்டம் என்றுதான் தோன்றும்.

2011-இல் கிரேட்டர் நொய்டாவில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயமான கிராண்ட் பிரீ நடந்தது. தம்பியும் நானும் கேரளா எக்ஸ்பிரஸ் ஏறிப் போனோம். வீட்டில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அவ்வளவு செலவு செய்து தீபாவளி முடிந்த கையோடு டெல்லிக்கா என்று கேட்டார்கள். அக்டோபர் 30. பந்தயத்துக்கு முன்னால், அந்த மாதம் லாஸ் வேகாஸில் கார் பந்தயத்தில் இறந்த டான் வெல்டனுக்காகவும் மலேசியாவில் பைக் பந்தயத்தில் இறந்த மார்கோ சிமோன்செல்லிக்காகவும் ஒரு நிமிஷ மௌனம். அவ்வளவு பெரிய கூட்டம் அப்படியே அடங்கியது. வெட்டல் ஜெயித்தார். 2012, 2013-இலும் அவரே. நரேன் ஹெச்ஆர்டி அணியின் வண்டியில் பதினேழாவது வந்தார். களத்திலேயே மிக மெதுவான வண்டிகளில் ஒன்று அது, ஆனாலும் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நாங்கள் எழுந்து நின்றோம். மூன்றே வருஷத்தில் அந்தப் பந்தயம் நின்றுபோனது. அங்கத்திய அரசு அதை விளையாட்டாக ஏற்காமல் கேளிக்கை என்று சொல்லி வரி கேட்டது முக்கியமான காரணம். உங்கள் பேப்பரிலும் செட்டிபாளையம் செய்தி விளையாட்டுப் பக்கத்தில் வருவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊர்த் திருவிழா, கல்லூரி ஆண்டு விழாவோடு சேர்ந்து வருகிறது.

அந்த வாசகர் பெட்ரோல் வீண் என்றும் எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். நான் பார்க்க ஆரம்பித்த காலத்தில் ஃபார்முலா ஒன் வண்டி நடுவில் நின்று பெட்ரோல் போட்டுக்கொண்டு போகும். 2010-இலிருந்து அதற்குத் தடை. 2014-இல் ஆறு சிலிண்டர் டர்போவும் மின்சார மோட்டாரும் சேர்ந்த இன்ஜின் வந்தது. ஒரு பந்தயம் முழுவதற்கும் 100 கிலோ பெட்ரோல்தான், அப்புறம் அது 110 ஆனது. ஏறக்குறைய 300 கிலோமீட்டரை அதற்குள் ஓட்டி முடிக்க வேண்டியிருந்தது. பிரேக் பிடிக்கும்போது வீணாகிற சக்தியைப் பிடித்து மறுபடி வண்டிக்கே கொடுக்கிறார்கள். குறைந்த எரிபொருளில் கூடுதல் வேகம் எடுப்பதுதான் இப்போது போட்டியே. பணக்கார விளையாட்டு என்பதை நான் மறுக்கவில்லை. சின்ன வண்டிப் பந்தயமான கார்ட்டிங்கில் தொடங்கி ஒரு பிள்ளையை ஃபார்முலா 4 வரைக்கும் கொண்டுபோக ஆகும் செலவு எங்களைப் போன்றவர்கள் நினைத்துப் பார்க்கக்கூடியதல்ல. அதனால்தான் உள்ளூரில் ஓட்டுகிற பையன்களுக்குப் பேப்பரில் பேர் வருவது முக்கியம். ஸ்பான்சர் கேட்டு ஒரு கம்பெனி வாசலில் போய் நிற்கிறவன் கையில் எதைக் காட்டுவான்? பத்திரிகையில் வந்த செய்தியைத்தான் காட்டுவான்.

விபத்து என்றால் மட்டும் நம் பத்திரிகைகள் பக்கத்தைத் தாராளமாகக் கொடுக்கின்றன. 1994 மே 1 அன்று ஃபார்முலா ஒன் வீரர் சென்னா பந்தயத்தில் இறந்த செய்தியை அப்பா முதல் பக்கத்திலிருந்துதான் படித்துக் காட்டினார். அதற்கு முந்தின நாள் அதே இமோலா ஓடுபாதையில் இன்னொரு வீரர் ராட்சென்பெர்கர் இறந்ததை யாரும் பெரிதாக எழுதவில்லை. 2020 நவம்பரில் பஹ்ரைனில் ஃபார்முலா ஒன் வீரர் குரோஜானின் வண்டி தடுப்புக் கம்பியைப் பிளந்துகொண்டு போய் இரண்டாக உடைந்து தீப்பிடித்ததே, அந்தப் படமும் எல்லா இடத்திலும் வந்தது. 28 நொடி தீக்குள் இருந்துவிட்டு அவர் தானாகவே ஏறிக் குதித்து வந்தார். எப்படி வர முடிந்தது என்பதுதான் எழுத வேண்டிய விஷயம். ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைவாக ஒரு டைட்டானியம் சட்டம் இருக்கிறது, ஹேலோ என்பார்கள். 2018-இல் கட்டாயமாக்கினார்கள். ஏழு கிலோ எடைதான், பன்னிரண்டு டன் பாரத்தைத் தாங்கும். 2014-இல் ஜப்பானில் மழையில் இன்னொரு வீரர் பியாங்கியின் வண்டி மீட்பு வாகனத்தில் மோதி, அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். அந்தச் சாவுக்குப் பின்தான் இந்தப் பேச்சு சூடுபிடித்தது. ஹேலோ வந்தபோது வண்டியின் அழகு கெட்டுவிட்டது என்று ரசிகர்களிலேயே பலர் எதிர்த்தார்கள், குரோஜானும் எதிர்த்தவர்களில் ஒருவர். தீயிலிருந்து வந்தபின் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்தே அது தன்னைக் காப்பாற்றியது என்று சொன்னார். இப்போது இந்தியாவில் ஓடும் ஃபார்முலா 4 வண்டியிலும் ஹேலோ இருக்கிறது. அவினாசி ரோட்டு மேம்பாலத்தில் ராத்திரி பைக்கை முறுக்குகிற பையன்களுக்கு இதையெல்லாம் யாராவது படிக்கக் கொடுத்தால், பந்தயக்காரன் எத்தனை பாதுகாப்புக்குள் உட்கார்ந்து வேகம் போகிறான் என்பது புரியும். அந்தப் பையன்களின் விபத்துச் செய்திக்கு மேல் "ரேஸ் மோகம்" என்று தலைப்புப் போடுகிறீர்கள். பெல்ட்டை இறுக்கிக் கட்டாமல் வந்தால் கொடி ஆட்டுகிறவர்களே உள்ளே விடாத இடம் ஓடுபாதை. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

நடிகர் அஜித்குமார் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனபோது எல்லாப் பத்திரிகையும் அரைப் பக்கம் எழுதின. எனக்குச் சந்தோஷம்தான். அவர் 2010-இல் ஐரோப்பாவில் ஃபார்முலா 2 வண்டியே ஓட்டியவர், சும்மா போய் நின்றவர் அல்ல. அவரால் இந்த விளையாட்டைப் பற்றிக் கேட்க ஆரம்பித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் 2025 மே மாதம் மொனாக்கோவில், ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஃபார்முலா 2-இன் ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயத்தில் குஷ் மைனி ஜெயித்தார், அந்தத் தெருக்களில் ஃபார்முலா 2-இல் ஜெயித்த முதல் இந்தியர். மறுநாள் நான் பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை புரட்டினேன். அது கிடைக்கவில்லை. 2024-இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டரில் ராத்திரியில் தெருப் பந்தயம் நடந்தபோது போக்குவரத்து மாற்றம், அனுமதி தாமதம், வழக்கு, அரசியல் எல்லாம் விவரமாக வந்தது. யார் எப்படி ஜெயித்தார் என்று தெரிந்துகொள்ள நான் வேறு இடத்தில் தேட வேண்டியிருந்தது.

நான் கேட்பது அதிகமில்லை. செட்டிபாளையத்தில் தேசியப் போட்டி நடக்கும் வாரங்களில், ஒவ்வொரு பந்தயத்துக்கும் முதல் ஆறு பேரின் பெயர், ஊர், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் இருந்த நேர வித்தியாசம், வேகமான சுற்றை ஓட்டியவர், பாதியில் நின்றவர் ஏன் நின்றார், இவ்வளவும் வர வேண்டும். கபடிக்கும் கிரிக்கெட்டுக்கும் ஸ்கோர் போடுகிறீர்களே, அதே இடம் போதும். முடிவுத் தாளை அங்கேயே ஒட்டுவார்கள். அதற்கு மேல், பந்தயத்தில் ஒரு சுற்றையாவது கண்ணால் பார்த்து எழுதிய ஒரு பத்தி. ஃபார்முலா ஒன்னுக்கும் அப்படித்தான். "வெர்ஸ்டாப்பன் வெற்றி" என்ற இரண்டு வரியில் எந்த டயரில் கிளம்பினார், எத்தனையாவது சுற்றில் பிட்டுக்கு வந்தார் என்று சேர்க்க இன்னும் இரண்டு வரிதான் ஆகும். மெக்லாரன் அணி 2023-இல் கத்தாரில் நான்கு டயரையும் 1.80 நொடியில் மாற்றியது. நம் ஊர் மெக்கானிக் ஒருவர் டீக்கடையில் அதைப் படித்தால் அன்று முழுக்க அதைத்தான் பேசுவார். நேரம் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பியப் பந்தயங்கள் பெரும்பாலும் நம் ஊர்க் கணக்கில் எட்டரைக்குள் முடிந்துவிடுகின்றன. கோவைப் பதிப்பு அச்சுக்குப் போவது அதற்கு எவ்வளவோ நேரம் கழித்துத்தான். அமெரிக்கா, பிரேசில் பந்தயங்களுக்கு மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள், காத்திருக்கிறோம்.

அடுத்த போட்டிக்கு உங்கள் நிருபரை அனுப்புங்கள். பரிசளிப்புக்கு வராமல் காலையிலேயே, தகுதிச் சுற்று தொடங்கும்போதே வரச் சொல்லுங்கள். பிட்டுக்குப் பின்னால் வண்டிகளைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருப்பார்கள், கேட்டால் எல்லாம் சொல்வார்கள். தொப்பியும் தண்ணீரும் எடுத்து வரட்டும், அங்கே நிழல் குறைவு. சுற்றுக் கணக்கு வேண்டுமென்றால் என் நோட்டைத் தருகிறேன், பந்தயம் முடிந்த பத்து நிமிஷத்தில் கோடு போட்டுக் கொடுத்துவிடுவேன். என் முகவரியும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன், அவற்றை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி,
கணபதி, கோவை–6